முப்பாட்டன் பெயரைத் தேடாதீர்கள், சாட்சிக் கையெழுத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வம்சாவளி தேடுவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் சிரமப்பட்டு எழுதியிருக்கிறார், அதில் குறை இல்லை. ஆனால் முடிவில், வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டே நானூறு வருஷம் பின்னால் போய்விடுகிறார்கள், நமக்கு இருப்பது ஒற்றை இனிஷியல், அதனால் தாத்தாவுக்கு மேல் ஒன்றும் தேறாது என்று கையை விரித்துவிட்டார். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சேலம் மாதிரி ஊரில் வீட்டுக்கு வீடு பீரோவில் பத்திரக்கட்டு கிடக்கிறது, இப்படி ஒரு வரி அச்சில் வந்தால் இருக்கிற கட்டையும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்திர எழுத்தர். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று எழுதியே வயது போனது. மூத்த மகன் நியூஜெர்சியில், ஜெர்சி சிட்டியில் இருக்கிறான். பேத்தி பிறந்தபோது நானும் வீட்டுக்காரியும் போய் இருந்தோம். அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பெர்கன் ஸ்கொயர் என்று ஒரு இடம், 1660ல் டச்சுக்காரர்கள் சுற்றிலும் மரவேலி அடித்துக் குடியேறிய கிராமம். பக்கத்திலேயே நியூவார்க் அவென்யூவில் நம் ஆட்களின் மளிகைக் கடையும் நகைக்கடையும் வரிசையாக இருக்கின்றன, அங்கே காய் வாங்கப் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது டச்சுக்காரன் ஊர் என்று தெரியுமோ. வெளியே பனி, வயசானவனுக்கு வேறு வேலை இல்லை, நூலகத்தில் உட்கார்ந்து அந்த டச்சுக் குடிகளைப் பற்றித் தேடி வைத்திருக்கிற புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது நாம் தினமும் பார்க்கிற வேலைதானே என்று தோன்றியது.

விவரம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பழவேற்காட்டில் 1613ல் கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி வேறு, அமெரிக்காவுக்குப் போன கம்பெனி வேறு. கிழக்கே வந்தது 1602ல் தொடங்கியது, மேற்கே போனது 1621ல் தொடங்கியது. மேற்குக் கம்பெனி 1624ல் முதல் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது, மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனையில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்று ஊர் எழும்பியது, 1664ல் ஆங்கிலேயர்கள் நாலு போர்க்கப்பலோடு வந்து நிற்க, ஒற்றைக்கால் கவர்னர் ஸ்டைவசண்ட் சண்டையில்லாமல் ஒப்படைத்தார், ஊர் நியூயார்க் ஆனது. மொத்தமே நாற்பது வருஷக் கதை. அதிலும் வந்தவர்கள் எல்லோரும் டச்சுக்காரர்கள் இல்லை. பெல்ஜியம் பக்கத்து பிரெஞ்சு பேசுகிறவர்கள், ஜெர்மானியர், நார்வேக்காரர், பிரேசிலிலிருந்து தப்பி வந்த யூதர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1643ல் அங்கே தங்கிய ஒரு பாதிரியாரிடம், இந்த ஊரில் பதினெட்டு மொழி பேசுகிறார்கள் என்று கம்பெனி அதிகாரி சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது.

இப்போது கட்டுரையாளர் சொன்ன குடும்பப் பெயருக்கு வருகிறேன். அந்த ஜனங்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது! அப்பா பெயர்தான். யான் என்பவருக்குப் பிறந்த பீட்டர், பீட்டர் யான்சன். அவனுக்குப் பிறந்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் அவன் யான் பீட்டர்சன். தலைமுறைக்குத் தலைமுறை பின்பாதி மாறிக்கொண்டே போகும், நம் இனிஷியல் மாறுகிறதே, அச்சு அசல் அப்படியே. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைக்கிற வழக்கமும் நிறையக் குடும்பங்களில் இருந்திருக்கிறது. சேலம் ஜில்லாவில் அர்த்தநாரி என்றோ மாரியப்பன் என்றோ தேடினால் தெருவுக்கு மூன்று பேர் கிடைப்பார்கள். நியூ ஆம்ஸ்டர்டாமில் யான் யான்சன் அப்படி.

ஆங்கிலேயர் வந்த பிறகுதான் நிலையான ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. சிலர் அப்பா பெயரையே நிறுத்திக்கொண்டார்கள், சிலர் சொந்த ஊர்ப் பெயரை, சிலர் தொழிலை. ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் இரண்டு வேறு பெயர் எடுத்ததும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரண்டு பேர் இருந்தார்களே, அந்த இரண்டு பேருக்கும் பொதுவான மூதாதை கிளாஸ் மார்ட்டென்சன், அதாவது மார்ட்டின் மகன் கிளாஸ், வான் ரோசன்வெல்ட் என்று ஊரையோ நிலத்தையோ சேர்த்து எழுதிக்கொண்டவர். அவர் மகன் நிக்கோலஸ் காலத்தில்தான் அது ரூஸ்வெல்ட் என்று நின்றது. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது என் மகனுக்கு என் பெயர் குடும்பப் பெயராக ஏறி, இப்போது பேத்திக்கும் அதுவே நிலைத்துவிட்டதே, அந்தக் கதைதான்.

சரி, குடும்பப் பெயர் இல்லாத ஆளை எப்படி நானூறு வருஷம் கழித்து அடையாளம் கண்டார்கள்? பெயரை வைத்து இல்லை. கூட நின்ற ஆட்களை வைத்து.

நியூ ஆம்ஸ்டர்டாம் சர்ச்சின் திருமண, ஞானஸ்நானப் பதிவுகள் 1639லிருந்து இருக்கின்றன. அச்சிட்ட புத்தகத்தில் பார்த்தேன். தேதி, பெற்றோர், குழந்தை, சாட்சிகள், அவ்வளவுதான் ஒரு பதிவு. குழந்தையின் பிறந்த நேரமோ அப்பனின் வயசோ எந்த ஊர்க்காரன் என்றோ இருக்காது. ஆனால் அந்தக் கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதில்தான் முழு விஷயமும். ஞானஸ்நானத்துக்கு யார் சாட்சி நிற்பார்கள்? பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமன். ஊரில் மூன்று யான் யான்சன் இருந்தாலும், ஒருவன் பிள்ளைகளுக்கெல்லாம் சாட்சியாக ஒரே பெண் திரும்பத் திரும்ப வந்து நின்றால் அவள் பெரும்பாலும் அவனுடைய அக்காளாகவோ மச்சினியாகவோ இருப்பாள், அவள் பிள்ளைக்கு இவன் போய் நின்றிருந்தால் சந்தேகமே இல்லை. இப்படியே கோத்துக் கோத்து மூன்று யான்களையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நிலப் பட்டயங்களில் எல்லை சொல்லும்போது பக்கத்துக்காரன் பெயர் வருகிறது, அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1660ல் வரைந்த ஊர்ப்படம் ஒன்று உண்டு, வீடு வீடாக, தோட்டம் தோட்டமாக. அதன் நகல் இத்தாலியில் ஒரு மாளிகையில் 1900ல் அகப்பட்டது. பத்திரங்களை அந்தப் படத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்து எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்கள்.

பத்திரம் எழுதினவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ‘சேலம் ஜில்லா, சேலம் தாலுக்கா, இன்ன கிராமத்திலிருக்கும் அர்த்தநாரி குமாரர் சின்னச்சாமி, ஜீவனம் விவசாயம்’ என்று ஆரம்பித்து, ஜாதியும் எழுதி, ‘எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு’ என்றோ ‘இன்ன தேதியில் இன்னாரிடம் கிரயம் பெற்று’ என்றோ பூர்வீகம் சொல்லி, கீழே செக்குபந்தி வரும். கிழக்கே ஓடை, மேற்கே முத்து பாகம், வடக்கே பெரியசாமி காடு. அந்த முத்துவும் பெரியசாமியும் யார்? அந்தக் காலத்துப் பத்திரமென்றால் பத்துக்கு எட்டு பங்காளிகள்தான், ஏனென்றால் ஒரே காட்டைப் பாகம் பிரித்ததால்தான் அவர்கள் பக்கத்துக்காரர்களே ஆனார்கள். அப்புறம் சாட்சிகள். அதற்கப்புறம் பத்திரத்தின் பின்பக்கம் சார்பதிவாளர் முன்னால் ஆளை ‘நிரூபித்த’ இரண்டு பேர், தகப்பன் பெயரோடு, ஊரோடு. கடைசியில் எழுதினவன் பெயர். ஒரு பத்திரத்தில் சர்வ சாதாரணமாக ஏழெட்டுப் பேரின் பெயரும் அவர்கள் அப்பன் பெயரும் இருக்கும். தேடுகிறவர்கள் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கினவர் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, தொழில் ரகசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் சாட்சி என்றால் மாமன் மச்சான், பங்காளி, ஊர்க் கவுண்டர், கர்ணம். அவர்களை நம்பி உறவு கோக்கலாம். பிற்காலத்துப் பத்திரங்களில் சாட்சி யார் தெரியுமா, அலுவலக வாசலில் டீக்கடை வைத்திருந்தவர், ஸ்டாம்பு வெண்டரின் தம்பி, எங்களிடம் நகல் எழுதின பையன். ஒரே ஆள் ஒரு நாளில் பத்துப் பத்திரத்துக்குச் சாட்சி போட்டிருப்பார். அவரைப் பார்த்து நம் கொள்ளுத்தாத்தாவின் சொந்தம் என்று குறித்துக்கொண்டால் போயிற்று. அதே சாட்சி வேறு ஜாதி, வேறு கிராமத்துப் பத்திரங்களிலும் வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். டச்சு சர்ச்சிலும் மணியக்காரர் மாதிரி, பெரிய மனிதர் என்பதற்காகவே நிறையப் பேருக்குச் சாட்சி நின்றவர்கள் உண்டு, அவர்களை ஆராய்ச்சிக்காரர்கள் இதே மாதிரி ஒதுக்கித்தான் வைக்கிறார்கள்.

அந்த டச்சுக் காலனியில் என்னை ரொம்பக் கவர்ந்த வில்லங்கம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஆனெக்கே யான்ஸ் என்று ஒரு பெண், யானின் மகள் ஆனெக்கே. நார்வே கரையோரம் ஒரு தீவில் பிறந்தவள், 1630ல் கணவன் ரூலாஃபோடும் குழந்தைகளோடும் வந்தாள். அவர்களுக்கு மன்ஹாட்டனில் 62 ஏக்கர் பண்ணை கிடைத்தது. கணவன் செத்துப்போனான். அவள் ஊர்ப் பாதிரியார் போகார்டஸைக் கட்டிக்கொண்டாள், அவரும் 1647ல் ஹாலந்துக்குப் போன கப்பல் வேல்ஸ் கரைக்குப் பக்கத்தில் உடைந்து மூழ்கிப்போனார். முதல் கணவருக்கு நாலு பிள்ளைகள், இரண்டாமவருக்கு நாலு. 1663ல் சாகிறதற்கு முன் உயில் எழுதினாள். பண்ணை முதல் கணவன் சம்பாதித்தது, அதனால் அதை விற்று வருகிற பணத்தில் முதல் கணவனின் பிள்ளைகளுக்கு ஆயிரம் கில்டர் (டச்சு நாணயம்) முதலில் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று. என்ன தெளிவு பாருங்கள்! இன்றைக்கு இரண்டு சம்சாரத்துக் குடும்பங்களுக்கு உயில் எழுத வருகிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்தைப் பேசி வாங்குவதற்குள் எங்களுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

வாரிசுகள் 1671ல் அந்தப் பண்ணையை ஆங்கிலக் கவர்னருக்கு விற்றார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கொர்னேலிஸ் என்கிற மகன் அதற்குள் இறந்திருந்தான், அவன் வாரிசுகள் மட்டும் போடவில்லை. அவ்வளவுதான். 1705ல் ராணி ஆன் பெயரில் அந்த நிலம் ட்ரினிட்டி சர்ச்சுக்குப் போனது, நகரம் வளர்ந்தது, நிலத்தின் மதிப்பு எங்கேயோ போனது, கொர்னேலிஸின் வம்சம் கோர்ட்டுக்கு வந்தது. வழக்கு மேல் வழக்கு. 1847ல் நியூயார்க் கோர்ட், சர்ச் இத்தனை காலமாக அனுபவத்தில் இருக்கிறது, இனி கேள்வி கிடையாது என்று கதவைச் சாத்தியது. அப்படியும் நிற்கவில்லை. ஆனெக்கே வாரிசு சங்கங்கள் என்று கிளம்பி, சந்தா கட்டினால் பங்கு கிடைக்கும் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் வசூல் பண்ணினார்கள், இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்திருக்கிறது. வசூலுக்கு வசதியாக அவளை ஹாலந்து அரசர் குடும்பத்துப் பேத்தியாகவே ஆக்கிவிட்டார்கள், பாங்கில் அவள் பெயரில் புதையலே இருக்கிறதாம். கடைசியில் ஆராய்ச்சிக்காரர்கள் பதிவுகளை எடுத்துவைத்துக் காட்டியது, அவள் அம்மா கம்பெனியிடம் சம்பளம் வாங்கின மருத்துவச்சி. அரச வம்சமும் இல்லை, புதையலும் இல்லை.

உங்கள் கட்டுரையில் நம் குடும்பங்கள் எல்லாம் ஏதோ ஒரு பாளையக்காரர் வம்சத்தில் போய் முடிவது போல எழுதியிருந்ததைப் படித்தபோது இந்த ஆனெக்கே ஞாபகம்தான் வந்தது. எனக்கு என் பூட்டன் தறிக்காரன் என்று காகிதத்தில் ஒரு வரி கிடைத்தால் போதும், அது பாளையக்காரன் கதையைவிட உசத்தி.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டச்சுச் சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு, கணவன் மனைவி சேர்ந்து ஒரே உயில் எழுதுவது சகஜம், கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் அப்பன் பெயரையே வைத்திருப்பாள். அதனால் அந்தக் காலனியில் அம்மா வழியிலும் பாட்டி வழியிலும் போக முடிகிறது. ஆங்கிலச் சட்டம் வந்ததும் பெண்களின் பெயர் பத்திரங்களில் மெல்ல மங்குகிறது என்று ஆராய்ச்சிக்காரர்களே புலம்புகிறார்கள். நம் பக்கம் இதற்கு நேர் தலைகீழ். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தம் வந்து மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று ஆன பிறகுதான், அதுவரை எந்தக் காகிதத்திலும் இல்லாத பெண்கள் எங்கள் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் எதற்கு? தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க. அது ஒரு தனி வருத்தம், அதை இங்கே பேசவில்லை. ஆனால் வம்சாவளிக்காரனுக்கு அந்த விடுதலைப் பத்திரம் தங்கம். அதில்தான் அக்கா தங்கை அத்தனை பேரும், யார் யாரைக் கட்டினார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதோடு, இடது கைப் பெருவிரல் ரேகையோடு நிற்கிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பேச்சும் வீண் இல்லை. அந்த டச்சுக் காலனிக்கு முதல் கப்பலில் வந்தவள் கேத்தலினா த்ரிகோ, அவள் கணவன் யோரிஸ் ராபல்யே. பதினொரு பிள்ளைகள், 1625ல் பிறந்த மூத்தவள் சாராதான் அந்தக் காலனியில் பிறந்த முதல் ஐரோப்பியக் குழந்தை என்பார்கள். இந்தத் தம்பதியின் வாரிசுகள் இன்றைக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டின பிறகு 1680களில் அவளை உட்கார வைத்து வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள், யார் யார் வந்தார்கள், எங்கே எத்தனை குடும்பங்களை இறக்கினார்கள் என்று. வந்த வருஷத்தை 1623 என்று சொல்கிறாள், மற்ற ஆதாரங்களோ 1624 என்கின்றன. ஒரு வருஷம் முன்னே பின்னே இருந்தால் என்ன, அந்தக் கிழவி அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால் முதல் கப்பலைப் பற்றித் தெரிந்ததில் பாதி போயிருக்கும். நம் வீட்டுப் பாட்டிகள் ‘தாது வருஷப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம்’ என்றுதான் கணக்குச் சொல்வார்கள், தாது வருஷம் 1876, 77. இதைவிடத் தேதி என்ன வேண்டும்?

அந்த டச்சுக் காகிதங்கள் தப்பித்ததும் ஒரு விதி. நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் மாநில நூலகம் 1911ல் தீப்பிடித்தது. டச்சுப் பதிவுகளை யாரும் சீந்தாததால் கீழ்த்தட்டில் போட்டிருந்தார்கள், மேல்தட்டில் இருந்த ஆங்கிலப் பதிவுகள் எரிந்து கீழே விழுந்து இவற்றை மூடிக்கொண்டன, ஓரம் கருகியதோடு பெரும்பகுதி தப்பியது. அதற்கப்புறமும் படிக்க ஆள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்து இன்றைய டச்சுக்காரர்களுக்கே புரியாது. 1974ல் சார்லஸ் கேரிங் என்ற அறிஞர் பன்னிரண்டாயிரம் பக்கத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார், அந்த ஒரு வேலையே அவருக்கு ஆயுள் வேலை ஆனது. அவர் மொழிபெயர்த்ததை வைத்துத்தான் இப்போது ஆளாளுக்குக் கொள்ளுத்தாத்தா கிடைக்கிறார்.

அதில் அடிமைகளும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1644ல் பதினொரு ஆப்பிரிக்கர்கள் கம்பெனிக்கு மனு எழுதி, பாதி விடுதலை வாங்கினார்கள். வருஷா வருஷம் தானியமும் ஒரு பன்றியும் கட்ட வேண்டும், பிள்ளைகள் அடிமைகளாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாவ்லோ அங்கோலா, சைமன் காங்கோ என்று ஊர்தான் அவர்களுக்குப் பின்பெயர். நம் கடற்கரை ஆட்களுக்கும் இதே கதி நடந்திருக்கிறது, கிழக்குக் கம்பெனியின் கையால். பஞ்சம் வந்த வருஷங்களில் பழவேற்காட்டிலும் மற்ற துறைமுகங்களிலும் ஆட்களை வாங்கி பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அப்படிப் போனவர்களில் பழவேற்காட்டில் பிறந்த காத்ரேன் என்பவள் மேல் 1656ல் ஒரு கொலைவழக்கு, மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளுக்கும் நாடு கடத்துவதாக மாற்றி, தென்னாப்பிரிக்கக் கேப் காலனிக்கு 1657ல் அனுப்பினார்கள். அங்கே கமாண்டர் வீட்டுத் துணி வெளுத்தாள். அவளுக்கும் ஒரு சிப்பாய்க்கும் பிறந்த கிறிஸ்டோஃபல், பிரெஞ்சு அகதிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற பெயருள்ள வெள்ளைக்காரக் குடும்பங்கள் அவனிடமிருந்து வந்தவை. நிறவெறி ஆட்சி நடத்தின நாட்டில், வெள்ளையர் என்று சட்டப்படி எழுதிக்கொண்ட குடும்பங்களுக்கு மூலம் பழவேற்காட்டில். இதைக் கண்டுபிடித்ததும் பெரிய அரண்மனைக் காகிதத்தில் இல்லை, கோர்ட்டுப் பதிவிலும் ஞானஸ்நானப் பதிவிலும்தான். அந்தக் கம்பெனியின் ஆவணங்களில் ஒரு பகுதி நம் எழும்பூர் ஆவணக்காப்பகத்திலேயே இருக்கிறது, 2003ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்ததில் அதுவும் சேர்த்தி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சேலம் ஒருகாலும் டச்சுக்காரன் கையில் இருந்ததில்லை. 1792ல் திப்புவிடமிருந்து ஆங்கிலக் கும்பினிக்கு வந்தது, அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் ஊர் ஊராக அளந்தார்கள். 1858ல் இனாம் கமிஷன் வந்து, மானியம் யாருக்கு முதலில் விட்டது, இப்போது அனுபவிக்கிறவர் அவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதினார்கள். 1860களிலிருந்து பத்திரப் பதிவு. பதிவு அலுவலகத்தில் ஆட்களின் பெயரை வைத்து ஒரு அட்டவணை, சொத்தை வைத்து ஒரு அட்டவணை என்று இரண்டு வைத்திருப்பார்கள், முதலாவதில் தகப்பன் பெயரோடு எழுதிக்கொடுத்தவர், வாங்கினவர் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். இதைவிட வம்சாவளிக்கு என்ன வேண்டும்? ஆனால் கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலும் 1975க்குப் பிந்தையதுதான் வருகிறது. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு ஆள் தேட வேண்டும். ஒரு கட்சிக்காரருக்காகப் பழைய தொகுதி கேட்டபோது, ஒரு அலுவலகத்தில் முதலில் இல்லை என்றார்கள், அப்புறம் எடுத்துக் கொடுத்ததில் நடுப்பக்கங்கள் எல்லாம் கரையான் தின்று சல்லடையாக இருந்தது. ஆல்பனியில் தீ ஒரே ராத்திரியில் செய்ததை இங்கே கரையான் நிதானமாகச் செய்துகொண்டிருக்கிறது.

ஏற்காட்டுக்குப் போனால் இன்னும் கொஞ்சம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி வைத்ததிலிருந்து எஸ்டேட்டுகள். துரைமார் கல்லறையைத் தேடி வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், சந்தோஷம். ஆனால் காப்பி பறித்தவர்களின் பெயர் கல்லில் இல்லை, செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வேலையாள் பதிவேட்டில் இருந்தது. ஆள் பெயர், எந்தக் கங்காணியின் கீழ், எத்தனை நாள் வேலை. எஸ்டேட் கைமாறும்போதெல்லாம் அந்தக் கட்டுகள் அடுப்புக்குப் போகின்றன. மிச்சம் இருக்கிற எஸ்டேட்காரர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். மலையில் உள்ள சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று இரண்டு பெயர் இருக்குமே, அதுதான் நான் மேலே சொன்ன நாலாவது கட்டம்.

மலையாளி என்ற மலைப் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் இல்லை) சமாச்சாரம் வேறு. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பின மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று தங்கினார்கள் என்பது அவர்கள் வாய்வழிக் கதை. கதை அப்படி இருக்கட்டும், இன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டுமென்றால் தாத்தா காலத்துக் காகிதம் கொண்டுவா என்கிறார்கள். மலையில் எத்தனை பேரிடம் காகிதம் இருக்கும்? இவர்களுக்கு வம்சாவளி பொழுதுபோக்கு இல்லை, கல்லூரி சீட்டு. பங்காளிகளில் யாரோ ஒருவர் கைநாட்டு வைத்த ஒரு பழைய பத்திரத்தில், சாட்சியாக நின்ற தாத்தாவின் பெயரும் அவர் அப்பன் பெயரும் ஊரும் இருக்கலாம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்தத் தாத்தா பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இருந்திருக்காது, ஆனால் சாட்சி போட நிலம் தேவையில்லை.

அதனால் ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில், பழைய பத்திரம் ஒன்றை எடுத்து, ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு, இது எழுதிக்கொடுத்தவர், இது செக்குபந்தி, இது சாட்சி, இது நிரூபித்தவர் என்று படம் போட்டுக் காட்டுங்கள். அரசாங்கம் பழைய பெயர் அட்டவணைகளை முதலில் படம்பிடிக்க வேண்டும், தொகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அட்டவணை இருந்தால் எந்தத் தொகுதியைக் காப்பாற்ற வேண்டும் என்றாவது தெரியும்.

படிக்க ஆள் வேண்டுமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. புள்ளி வைக்காமல், இடைவெளி விடாமல், தமிழ் எண்ணில் தேதி போட்டு, மாகாணி முந்திரி என்று கணக்கு எழுதின அந்தக் காலத்துக் கையெழுத்து இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. எங்கள் தொழிலில் அதைப் பழகினவர்கள் சேலத்தில் இன்னும் சிலர் இருக்கிறோம், கண் ஆபரேஷன் செய்துகொண்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். யாராவது கல்லூரிக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பினால் காசு வாங்காமல் சொல்லித் தருகிறோம். பத்திரக்கட்டையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம், அதில் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.